நாற்பத்தொன்றாம் எண்

ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ஹார்மோனை அடக்க ஆராய்ச்சியாளர் ஒரு மாத்திரை செய்திருந்தார். அதைச் சாப்பிட்ட நாற்பது பேருக்கு அழுத்தம் இறங்கியது. நாற்பத்தொன்றாம் எண் அம்மாள் இறந்தே போனார். ஆராய்ச்சிக் கட்டுரை கெட்டுவிடுமே என்று, அந்த அம்மாளின் எண்ணுக்கு நேரே ‘தானாக விலகினார்’ என்று எழுதிவைத்தார். துக்கம் கேட்கப் போனபோது, “நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க” என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை நாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“சார், நாப்பத்தொண்ணு வந்திருக்காங்க. ‘நான் எப்பம்மா விலகினேன், ஒரு வேளைகூட விடாம சாப்பிடுறேனே’ன்னு கோவிச்சுக்கிறாங்க.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “பிரஷர் பாத்தியாம்மா?”

“மூணு தடவை பாத்துட்டேன் சார், சைபர்தான் காட்டுது. மாத்திரை நல்லா கேக்குது, அதையாவது ஒழுங்கா எழுதிக்கச் சொல்லுங்கறாங்க.”