மூன்றாவது கோட்டிங்

"இதுக்குப் பேரு வெள்ளையா? மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குய்யா சுவரு!"

மனைவி சொன்னதும் பெயிண்டர் ரோலரைக் கீழே வைத்தார். சொந்த வீட்டு முன்னறைச் சுவர். மூன்றாவது கோட்டிங். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டும் வெள்ளையாகத்தான் தெரிந்தன.

"வெள்ளைதானே?" என்றார்.

"இருபது வருஷமா லாண்டரியில வெள்ளைத் துணி பிரிக்கிறவ நான். எனக்கே வெள்ளையைக் காட்டுறியா? போன வாரம் நீ மாட்டுன பல்பும் மங்கல். ஜன்னலைத் துடைச்சேன்னு சொன்ன, புகை படிஞ்ச மாதிரியே நிக்குது. உனக்கு எதுவுமே தெரியலையாய்யா?"

"எதிர்வீட்டுக்காரர் வெள்ளைன்னுதான் சொன்னாரு."

"உன்கூடச் சீட்டாடுறவரு வேற என்ன சொல்வாரு?"

பெயிண்டர் முப்பத்தைந்து வருடம் சுவரோடு மல்லுக்கட்டியவர். இப்போது எதைப் பார்த்தாலும் சந்தேகம். கடையில் நாலு டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வேலை இடத்தில் இதையே யோசித்தபடி ஏறும்போது ஏணியில் ஒரு படியைத் தவறவிட்டார். நல்லவேளை, கை கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அதைக் கேள்விப்பட்ட அன்றே அவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள். "இவரைச் சாரத்துல ஏத்தாதீங்கண்ணே. கண்ணு போச்சு. மூணாவது மாடியிலேருந்து விழுந்தா எனக்கு யாரு இருக்கா?"

மேஸ்திரி பெயிண்டரைத் தனியே கூப்பிட்டார். "கண் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா சாரம் கிடையாது. கீழே உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்க வேண்டியதுதான்."

டாக்டர் சொட்டுமருந்து விட்டு, காக்க வைத்து, கருவியில் தாடையைப் பதிக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பெயிண்டர் இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. தாராளமா ஏணி ஏறலாம்."

"ஒண்ணுமில்லையா? நல்லாப் பாருங்க டாக்டர்," என்றாள் கூட வந்திருந்த மனைவி. "மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியலை இவருக்கு."

"தெரியுதும்மா. நிறமும் சோதிச்சுட்டேன்."

"அப்ப கோளாறு என் கண்ணுலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையிலிருந்த மருந்து டப்பாவை எடுத்தாள். "பத்து வருஷமா கண்ணாடி போடாம ஒரு எழுத்து படிக்க முடியாது எனக்கு. இப்ப நாலு மாசமா அதைத் தொடுறதே இல்லை. பாருங்க!"

டப்பாவின் அடியில் எறும்பு எறும்பாக இருந்த எண்களைக் கடகடவென்று வாசித்தாள். பெயிண்டருக்கே பெருமையாகிவிட்டது. இந்தக் கண்ணா தப்பாகச் சொல்லும்? டாக்டர் தன்னைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று குழம்பினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படி வந்து உட்காருங்கம்மா," என்றார். அவளுக்கும் சொட்டுமருந்து விட்டு, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "வயசான காலத்துல வெள்ளை மஞ்சளாத் தெரிஞ்சு, கண்ணாடி இல்லாமலே திடீர்னு பொடி எழுத்தும் தெரிய ஆரம்பிச்சா, கண்ணு புதுசாயிட்டதுன்னு அர்த்தம் இல்லைம்மா... புரை விழ ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்."