உள்ளே விடாதவர்

"தூங்குறா, ரேலீன். இன்னொரு நாள் வாயேன்."

அக்கா கணவர் மெர்வின் கதவை நாலு விரல் அகலத்துக்குத்தான் திறந்திருந்தார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கா? போன வாரமும் தூக்கம். அதுக்கு முந்தின வாரம் குளிக்கிறான்னு சொன்னீங்க. என் அக்காவைப் பார்த்து ஏழு வாரம் ஆச்சு, மெர்வின்!"

"அந்த சூப்பை வாசல்லயே வச்சிடு. எடுத்துக்கிறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ரேலீன் காருக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டு டல்சி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"உன்னையும் விடலையா? சர்ச்சிலேருந்து வந்தவங்களையும் இப்படித்தான் அனுப்பினார். ஆனா ஒருத்தி மட்டும் உள்ளே போறா. சின்ன வயசு. வியாழக்கிழமை தவறாம சிவப்புக் கார்ல வருவா. உள்ளே போனா ஒரு மணி நேரம்."

"யார் அவ?"

"எனக்கென்ன தெரியும்? வம்பு பேசற பழக்கமே எனக்கு இல்ல. தலைமுடி மட்டும் இடுப்பு வரைக்கும் இருக்கு."



அக்கா கிளெனிஸுக்கு இருபத்திரண்டு வருஷமாக முடக்குவாதம். கைவிரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கோணிவிட்டன. ஜாம் பாட்டிலைக்கூடத் திறக்க முடியாது. இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னாலேயே போய்விடுவது உண்டு, மூட்டைவிட இதயமும் நுரையீரலும்தான் கவலை என்று டாக்டர் சொன்ன அன்று ரேலீனும் கூட இருந்தாள். "எத்தனை வருஷம் முன்னால?" என்று மெர்வின் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு அது பாசமாகத் தெரிந்தது.

போன் பண்ணினாலும் அவர்தான் எடுக்கிறார். "அவளால போனைப் பிடிக்க முடியல" என்கிறார். இத்தனை வருஷம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினவள்தானே?

ஜூலைக் குளிரில் பத்து நாள் வீடே பூட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, "மெல்பர்ன்ல தம்பி வீட்ல இருக்கோம்" என்றார். அந்தத் தம்பி ரஸ்ஸின் நம்பரைத் தேடிப் பிடித்தாள் ரேலீன்.

"இங்கயா?" என்றான் ரஸ். "டாஸ்மேனியா தீவை விட்டு அவங்க கப்பல் ஏறியே ரெண்டு வருஷம் இருக்குமே. ஏன், என்ன விஷயம்?"

ரேலீன் போனை வைத்தாள்.

மறுநாள் காலை ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலையை முடித்துவிட்டு நேராக வந்து தெருமுனையில் காரை நிறுத்தினாள். பத்தரை மணிக்கு மெர்வின் வண்டியை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார். அவர் வளைவைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு பின்பக்கமாகப் போய் துவைக்கிற அறைக் கதவைத் தள்ளினாள். பூட்டவில்லை.

கணப்புக்குப் பக்கத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கிளெனிஸ். பாதி உடம்பாகிவிட்டாள்.

"அடிப்பாவி அக்கா, என்ன இது கோலம்?"

"ரேலீன்! அங்கேயே நில்லு. கிட்ட வராதே!"

கோணின கையைத் தூக்கித் தடுத்தாள்.

"என்னைக் கண்டே நடுங்கற அளவுக்கா உன்னை மிரட்டி வச்சிருக்கான்?"

"அதெல்லாம்... இல்ல. நீ அங்கேயே நில்லு."

"நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்குது. எழுந்திரு, என் கூடக் கிளம்பு. மாட்டேன்னா போலீஸைக் கூப்பிடறேன். மெல்பர்ன்னு புளுகினான். எவளையோ வாராவாரம் வரவழைக்கிறான். உன்னை யார் கண்ணுலயும் காட்டாம, நீ எப்போ போவேன்னு நாள் எண்ணிட்டிருக்கான்!"

"அந்தப் பொண்ணு நர்ஸ்டி."

"நர்ஸா?"

"ஜூலையில ஆஸ்பத்திரியில கிடந்தேன். நிமோனியா. நாலு நாள் எனக்கு மெஷின்தான் மூச்சு விட்டுது. மூட்டுக்கு நான் போட்டுக்கிற ஊசி, உடம்புல இருக்கற எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடுமாம். இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்கமாட்டா, குளிர் முடியறவரைக்கும் யாரும் கிட்ட வரவேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

ரேலீன் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஆனால் கோபம் அடங்கவில்லை.

"சரி. அதை என்கிட்ட சொன்னா என்ன? ஜன்னல் வழியா பார்த்துட்டுப் போயிருப்பேன்ல? கூடப்பொறந்தவகிட்ட மறைக்கிறான்னா அவன் மனசுல வேற ஏதோ இருக்கு. போன்லகூட உன்னைப் பேச விடலையே!"

"இப்படி மூச்சு வாங்கினா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு..."

"கண்டுபிடிச்சா என்ன? எதை மறைக்கிறான்?"

கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணப்பில் விறகு வெடித்தது.

"சொல்லமாட்டே இல்ல? போலீஸ் வந்து கேட்கட்டும்." ரேலீன் போனை எடுத்து நம்பரை அழுத்த ஆரம்பித்தாள்.

"வேண்டாம் ரேலீன். வை. சொல்றேன்."

ரேலீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பிறந்தநாளுக்கு நீ வந்து கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தியே... அன்னிக்கு நீ இருமிட்டே இருந்தே. மூணாம் நாள் எனக்கு ஆரம்பிச்சுது."

ரேலீனின் கை தானாகக் கீழே இறங்கியது. போனில் பாதி நம்பர் அப்படியே நின்றது.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டார். 'தெரிஞ்சா உன் தங்கச்சி ஆயுசுக்கும் தன்னை மன்னிக்க மாட்டா. அதுக்குப் பதிலா என்னை அயோக்கியன்னு நினைச்சுட்டுப் போகட்டும்'னார்."