மெசின் பாடிய வர்ணம்

"அந்தப் பாட்டெல்லாத்தையும் அழிச்சிருங்க மாஸ்டர். போனில கிடக்கிறதையும், யூடியூப்பில போட்டதையும்."

பிரசாந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியநீலாவணையில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறவர் அவர். வெள்ளிக்கிழமை அவருடைய மாணவியின் அரங்கேற்றம். கடைசி உருப்படியான தில்லானா இன்னும் கைக்கு வரவில்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் கல்முனையில் ஸஜாத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஓடி வந்திருந்தார். வந்த இடத்தில் இருக்கிறதையும் அழி என்றால்?

"என்ன நானா கதைக்கிறீங்க? நாலைஞ்சு நாளாக் கதவப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டீங்க. கோல் எடுத்தாலும் பதில் இல்ல. நான் தில்லானா இல்லாமத் தவிக்கிறன்."

"சம்மாந்துறையில, வீட்டில ஒரு வேலை. மெசினும் பழுதாப் போயிட்டு. இனிப் பாடாது."

"பழுதெண்டா திருத்தலாம்தானே?"

"கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டின. ஏலாது எண்டுட்டாங்க."

இரண்டு வருசமாக, பிரசாந் எழுதிக் கொடுக்கும் சாகித்தியத்துக்கு ஸஜாத்தின் ஏ.ஐ. மெசின்தான் மெட்டுப் போட்டுப் பாடித் தருகிறது. அதற்கு முன்பு மட்டக்களப்பிலிருந்து பாட்டுக்காரரையும் பக்கவாத்தியக்காரரையும் பிடித்து, ஒருவர் வந்தால் மற்றவர் வராமல், ஒத்திகைக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மெசின் வந்தபிறகுதான் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். போன அரங்கேற்றத்தில் ஆனந்தபைரவி வர்ணத்தைக் கேட்டு முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். "ஆர் பாடினது?" என்று வந்து கேட்டவர்களிடம் "கம்பியூட்டர்!" என்று சொன்னபோது, தானே பாடியது போல அவருக்குப் பெருமையாக இருந்தது.

"உண்மையச் சொல்லுங்க நானா. பாட்டுகள வேற ஆருக்கும் வித்துப்போட்டீங்களா?"

"அல்லாஹ் அறிய, அப்படி ஒண்டுமில்ல."

"மறுகா ஏன் அழிக்கச் சொல்றீங்க? உங்கட ஆக்கள் கரைச்சல் தாறாங்களா? எங்கட ஆக்களும்தான் முதல்ல, 'நம்மட பாட்ட ஏன் அங்க குடுக்கிற?' எண்டு கேட்டாங்க. மெசினுக்கு ஊரும் இல்ல, மார்க்கமும் இல்ல எண்டு சொன்னன். வாயப் பொத்திட்டாங்க. நீங்களும் அதையே சொல்லுங்க."

ஸஜாத்தின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அரங்கேற்ற அவசரத்தில் இருக்கிறவருக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்க எங்கே நேரம்?

"கெஞ்சிக் கேக்கிறன் மாஸ்டர். ஒரு பாட்டும் மிஞ்சப்படாது."

பிரசாந் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்தார்.

"சரி, இந்தா, உங்கட கண்ணுக்கு முன்னாலயே அழிக்கிறன்."

போனை எடுத்து ஒவ்வொரு பாட்டாக அழித்தார். யூடியூப்பில் இருந்ததையும் எடுத்தார். கடைசியாக அந்த வர்ணமும் போனது. ஸஜாத் நெஞ்சில் கையை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"எனக்கொண்டும் நட்டமில்ல நானா. இதக் கேட்டுப் பாருங்க."

போனில் தில்லானா ஒன்று தொடங்கியது. அதே குரல். அதே குழைவு. மேல் சட்சமத்தைத் தொடுமுன் சற்றே தயங்கி நிற்கும் அதே தயக்கம்.

ஸஜாத் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இது... இது எங்கால? தில்லானா பாடவே இல்லையே!"

"நீங்க கோல் எடுக்கல்ல. நானும் என்ன செய்யிற? பழைய பாட்டெல்லாத்தையும் ஒரு ஆப்பில ஏத்தினன். அது குரலப் பழகிட்டு. இனி அந்தக் குரலில எதக் கேட்டாலும் பாடும். உங்கட மெசினுக்கு ஒரு பாட்டுக்கு ஒரு கிழமை சுணங்கும். இதுக்கு ஒரு நிமிசம் காணும். உங்கட மெசின் இடையில மூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம் போடும். இதுக்கு அதுவும் வேணாம்."

"நிப்பாட்டுங்க மாஸ்டர்!"

பிரசாந் திடுக்கிட்டு நிறுத்தினார்.

"அந்தக் குரல மட்டும் விட்டிருங்க. வேற எந்தக் குரலயும் போடுங்க."

பிரசாந் கெட்டவரல்ல. முதல்முறையாக ஸஜாத்தின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இஞ்ச பாருங்க நானா. இது ஒரு ஆள் பாடின குரல் எண்டா இப்பவே சொல்லுங்க, இந்த நிமிசமே அழிச்சிருவன். தில்லானா இல்லாமலே அரங்கேற்றம் நடந்துட்டுப் போகட்டும். ஒரு மனுசர்ர குரலக் களவெடுக்கிற ஆள் நான் இல்ல. சொல்லுங்க, ஆருட குரல் இது?"

ஸஜாத் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஒருத்தர்ர குரலும் இல்ல. மெசின்தான்."

"அப்ப என்ன? நான் பயந்துட்டன்," என்று பிரசாந் எழுந்தார். "வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்திருங்க."

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்தபோது ஸஜாத்தின் போன் அடித்தது. சம்மாந்துறையிலிருந்து மனைவியின் தங்கை ஸுஹைறா.

"மச்சான், ராத்தா மௌத்தாகக்குள்ள கேட்டபடி, அவ பாடினதெல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா? பாட்டு ஓடிக்கொண்டிருந்தா கபுறுக் குழிக்குள்ள அவக்குத்தான் பாவம் சேரும் எண்டு உம்மா அழுறா. மெசின் எண்டு சொல்லிப் பாடினது அவதான் எண்டு ஆருக்கும் தெரியவும் படாது மச்சான், அதுக்கும் சேர்த்துத்தானே உங்கள்ட்ட சத்தியம் வாங்கினா."

"ஓம் ஸுஹைறா," என்றார் ஸஜாத். "றுமைஸா பாடினதெல்லாம் அழிச்சாச்சு."