நாற்பத்தொரு பேர்

“விமலன், இத பாருலா. ஒரே வீட்டுல நாப்பத்தொரு பேராம். யாரு காதுல பூ சுத்துறாரு இந்த அங்கிள்?”

குமுதா கணினித் திரையைத் திருப்பினாள். பக்கத்து மேசை விமலன் எட்டிப் பார்த்தான். கிள்ளானிலிருந்து லியனார்ட் என்பவர் பதிந்திருந்தார். மூன்று பேருக்குக் காய்ச்சல்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சின்ன அலுவலகத்துக்கு இதுதான் வேலை. சளிக்காய்ச்சல் பரவும் மாதங்களில் தொண்டர்கள் வாராவாரம் தங்கள் வீட்டு நிலவரத்தை இணையத்தில் பதிவார்கள். எங்கே காய்ச்சல் ஏறுகிறதோ அங்கே தாதிகளை அனுப்பச் சொல்லி சுகாதாரத் துறைக்குக் குமுதா எழுதுவாள். விளையாட்டுக்குப் பதிகிறவர்களை நீக்கிவிடுவாள்.

“ஒரு கால் பண்ணிக் கேட்டுரு,” என்றான் விமலன்.

“வேலவெட்டி இல்லாத ஆளுக்கு நான் கால் வேற பண்ணணுமா?”

நீக்கினாள்.

அடுத்த வாரம் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் என்றார் லியனார்ட். நீக்கினாள். அதற்கடுத்த வாரம் பத்தொன்பது.

“கதைய நல்லா வளக்குறாருலா,” என்று சிரித்துக்கொண்டே அதையும் நீக்கினாள்.

நான்காவது வாரம் யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஆனால் வீட்டில் முப்பத்தெட்டுப் பேர்தான்.

குமுதாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவளே அழைத்தாள்.

“அங்கிள், ஒண்ணு நாப்பத்தொண்ணுன்னு போடுங்க, இல்ல முப்பத்தெட்டுன்னு போடுங்க. விளையாடுறீங்களா?”

“முப்பத்தெட்டு சரிதாம்மா,” என்றது களைத்த குரல். பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள். “மூணு பேர அடக்கம் பண்ணிட்டோம்.”

குமுதா திரையில் அவருடைய பதிவை மறுபடி பார்த்தாள்.

“அது... உங்க வீடு இல்லையா, அங்கிள்?”

“உங்க பதிவுப் பாரத்துல ‘உங்கள் இல்லத்தில் எத்தனை பேர்’னுதானே கேட்டிருக்கு? இது முதியோர் இல்லம்தாம்மா. நான்தான் பாத்துக்குறேன்.”

அந்தக் கேள்வி திரையிலேயே இருந்தது. ‘வீடு’ என்றால் அவ்வளவு அழகாக இல்லை என்று ‘இல்லம்’ போட்டது அவள்தான்.

“வேற... வேற யாருகிட்டயும் சொல்லலையா, அங்கிள்?”

“சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனச்சோம். அதான் வாராவாரம் உங்களுக்கு எழுதுறோமே, மோசமாச்சுன்னா நீங்களே ஆள் அனுப்புவீங்கன்னு தைரியமா இருந்துட்டோம்மா.”