பூசை போட்ட வண்டி

ஸ்டியரிங் நேராகத்தான் நின்றது. அதைப் பார்த்ததும் ஒச்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உயரத் தூக்கிய ஜீப்பில் ஸ்டியரிங் சும்மா நேராக நின்றுவிடாது.

எஸ்டேட் பாதையில் பாறை வண்டியின் வயிற்றில் இடிக்கிறது என்றுதான் தூக்கச் சொன்னாள். புது ஸ்பிரிங் பட்டை, புது ஷாக் அப்சார்பர், நீளமான ஸ்டியரிங் ராடு, எல்லாம் அவள் தேடி வாங்கிக் கொடுத்தவை. தூக்கினால் ஸ்டியரிங் கோணிக்கொள்ளும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ராடைத் திருகித் திருகி நீளம் பார்த்து நேராக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை.

மெக்கானிக் தவமணி படுக்கவே இல்லை.

குனிந்து பார்த்தாள். ராடின் நட்டில் கடைப் பெயிண்ட் கூட உரியவில்லை.

ஸ்டியரிங் வளையத்தை மட்டும் மேலே கழற்றி, நேராகத் திருப்பி, மறுபடி மாட்டியிருக்கிறான். அவ்வளவுதான் வேலை. கிழிந்த பாயைத் திருப்பிப் போட்டு விருந்தாளியை உட்காரச் சொன்ன கதை.

ஏறி உட்கார்ந்து திருப்பினாள். வலப்பக்கம் தாராளமாக ஓடியது.

இடப்பக்கம் பாதியிலேயே முட்டி நின்றது.

மலைமேல் மெட்டுக்கு ஏறும் பாதையில் இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரே மூச்சில் ஒடித்துத் திருப்ப வேண்டும். ஒடியாவிட்டால் நடு வளைவில் நிறுத்திப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் பள்ளம்.

அவள் ஏற்றிப் போவது மூட்டைகளை அல்ல. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை. இருட்டோடு எழுந்து, பொங்கி வைத்துவிட்டு, தூக்குவாளியை மடியில் பிடித்தபடி ஏறிய உடனே தூங்கிப்போகிறவர்கள். அவளை நம்பித்தான் அந்தத் தூக்கம்.

"ண்ணே, லெஃப்டுல ஒடிய மாட்டேங்குது."

தவமணி நிமிரக்கூட இல்லை. டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான்.

"பொம்பளக் கைக்கு அப்படித்தான் இருக்கும் தங்கச்சி. ஓட்ட ஓட்டப் பழகிரும்."

பொம்பளைக் கையாம்.

போன ஐப்பசியில் மண் சரிந்து பாதி ரோடு போன அன்றைக்கு, வண்டி நிறைய ஆட்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கைதான். அன்றைக்கு எந்த ஆம்பளைக் கை வந்து பிடித்தது? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். சண்டை போட்டால் வண்டி இன்னும் நாலு நாள் இங்கேயே கிடக்கும். நாளைக்கு அத்தனை பேரும் தெரு முக்கில் வந்து நிற்பார்கள்.

"ராட மட்டும் திருகி விட்ருங்கண்ணே."

"பூச போட்டாச்சு. பூச போட்ட வண்டியில திரும்ப ஸ்பானர் வைக்க மாட்டேன். பட்டறைக்கு ஆகாது."

நெற்றியில் பட்டை போட்டிருந்தான். வண்டிக்கும் போட்டிருந்தான். செய்ய வேண்டிய வேலையைத் தூக்கிச் சாமி தலையில் போட்டுவிட்டு, பட்டறைக்கு ஆகாது என்கிறான்! இவனையெல்லாம் என்ன செய்வது?

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"நாளைக்கு உங்க வீட்டுக்காரவுகளும் இதுலதான வர்றாக? என் பக்கத்துல, முன்சீட்டுல. வண்டி சரியா இருக்கு, எடுத்துட்டுப் போன்னு உங்க வாயால சொல்லுங்க. போயிர்றேன்."

அவன் மனைவி ஜெயக்கொடி அதே எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா.

தவமணி கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"அவள நாளைக்குப் பஸ்ஸுல போகச் சொல்லிர்றேன்."

அடப்பாவி.

தெரியாமல் செய்திருந்தால்கூட ஒச்சம்மாள் மன்னித்திருப்பாள். தெரிந்திருக்கிறது. தன் வீட்டு ஆளை மட்டும் எண்ணி எடுத்து ஓரமாக வைக்கத் தெரிந்திருக்கிறது.

பட்டறைக்குப் பின்னால்தான் அவன் வீடு. வாசலில் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். கற்பூரம் எடுத்துவரச் சொல்லியிருந்தான் போல. கையில் இருந்தது.

புருஷன் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

கற்பூரத்தைப் பெஞ்சின் மேல் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தாள். தூக்கிய வண்டி, கால் எட்டவில்லை. உள்ளேயிருந்து நீண்ட ஒச்சம்மாளின் கையைப் பிடித்து ஏறினாள். முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"எடு ஒச்சம்மாக்கா. மெட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்."

ஒச்சம்மாள் சாவியைத் திருப்பினாள்.

தவமணி பாய்ந்து வந்து வண்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. "எறங்குடி!" என்று கத்தினான்.

ஜெயக்கொடி கண்ணாடி வழியே நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சின் உறுமியது.

பிறகு அவன் கை தாழ்ந்தது. அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினான். ஒச்சம்மாள் அணைத்தாள். தவமணி மூலையில் கிடந்த சாக்கை இழுத்து விரித்து, ஸ்பானரோடு மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

கீழேயிருந்து குரல் வந்தது. ரெண்டு பேரும் இறங்கி நில்லுங்கள், வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றது.

இருவரும் இறங்கவில்லை.