முன்வாசலில் பூட்டு

கிர்ர்... கிர்ர்... டக்.

சத்தம் வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. மரத்திலிருந்து எதையோ திருகிக் கழற்றுகிற மாதிரி.

அனுபமா தூளி ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். தூளியில் பாப்பா அப்போதுதான் கண் அசந்திருந்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை. ஆனாலும் வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை.

எல்லாம் அவள் கணவன் சுதீர் சொன்ன யோசனை. சென்னையில் வேலை, வாரா வாரம் பஸ்ஸில் போய் வருகிற ஆள். கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டு ஒன்றரை நாள்தான் கிடைத்தது.

"கிரிவலக் கூட்டம் நம்ம தெரு வரைக்கும் வரும் அனு. தண்ணி குடுங்க, பாத்ரூம் போகணும், கொஞ்ச நேரம் படுத்துக்கறோம்னு தட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் வர்ற வரைக்கும் முன்கதவை வெளியில பூட்டிட்டு, சந்து வழியா பின்பக்கமா உள்ள போயிடு. லைட் போடாத. ஊருக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சு எவனும் வரமாட்டான்."

அப்படியே செய்திருந்தாள். சாயங்காலத்திலிருந்து யாரும் தட்டவில்லை.

இப்போது வெளியே போக இருக்கிற ஒரே வழியில் எவனோ நிற்கிறான்.

கிர்ர்... டக்.

சுதீருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"கீழ்பென்னாத்தூர். பஸ் அசையவே மாட்டேங்குது. ஏன் குசுகுசுன்னு பேசற?"

"பின்கதவு ஸ்க்ரூவை யாரோ கழட்டறாங்க."



"நிச்சயமாவா?"

"காதுல விழுதுங்க."

"சத்தம் போடாத. ஹவுஸ் ஓனர் சர்தார் பாய் அடுத்த தெருலதானே இருக்கார், அவரைக் கூப்பிடு. நான் போலீஸுக்கு ட்ரை பண்றேன். எல்லாரும் மலையைச் சுத்தி பந்தோபஸ்துல இருப்பாங்க, லைன் கிடைக்குதான்னு பார்க்கறேன்."

சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு, தூளிக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றாள். சர்தார் பாயின் நம்பரை அழுத்தினாள்.

காதில் மணி அடித்தது. பின்கதவுக்கு அந்தப் பக்கமும் ஒரு போன் அடித்தது.

திருகுகிற சத்தம் நின்றது.

"சொல்லும்மா. நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தீங்களா?"

போனிலும் அந்தக் குரல். கதவுக்குப் பின்னாலும் அதே குரல்.

ஹவுஸ் ஓனரேவா? மாதம் தவறாமல் வந்து நின்று, 'தண்ணி ஜாஸ்தி செலவாகுதும்மா' என்று முகம் சுளித்துவிட்டுப் போகிற மனுஷன். வீடு காலி என்று தெரிந்ததும் வந்துவிட்டாரா?

"நீங்க எங்க இருக்கீங்க பாய்?"



"கடையிலதாம்மா. ஏன்?"

ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு கூசாமல் ஒரு பொய். அனுபமாவுக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"நான் உள்ளதான் இருக்கேன் பாய். நீங்க பேசறது கதவு வழியாவே கேட்குது. அவர் போலீஸோட வந்துட்டிருக்கார்."

சர்தார் பாய் மெதுவாக, போனில் இல்லாமல், கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார்.

"யா அல்லா. உள்ளயா இருக்கீங்க? முன்னாடி பூட்டு தொங்குதேம்மா."

"என் கதவை எதுக்குக் கழட்டறீங்க?"

"உங்க கதவை நான் தொடவே இல்லை. இந்தப் பின்னாடி கக்கூஸ் கதவுதான். கழட்டலை, தாழ்ப்பாள் வைக்கறேன்."

"இந்த நேரத்துலயா?"

"கடையை இப்பதாம்மா மூடினேன். சுத்தி வர்ற பொம்பளைங்களுக்குத் திறந்து விடலாம்னு. பதினாலு கிலோமீட்டர் நடக்கறாங்க. ஆம்பளைங்க எங்கயாவது ஒதுங்கிடறாங்க, அவங்க எங்க போவாங்க? போன தீபத்துக்கு வீடு காலியா இருந்துச்சு, திறந்து விட்டேன். தனியா வந்த பொண்ணு ஒண்ணு, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு பார்த்துட்டு, அப்படியே திரும்பி நடந்து போயிடுச்சு. அது மனசை விட்டுப் போகலை."

"அதுக்கு ஏன் பொய் சொல்லணும்?"

"பின்பக்கம் வெளியாளு யாரும் வரக்கூடாதுன்னு சுதீர் தம்பி குடி வரும்போதே கண்டிஷனாச் சொல்லிட்டார். கேட்டா வேணாம்பீங்க. ஊர்ல இல்லைன்னு நினைச்சுதான் கேட்காம வந்தேன். தப்புதாம்மா."

அனுபமா கதவைத் திறந்தாள், கட்டையைக் கையிலிருந்து விடாமல்.

வெளிச்சம் போட்ட செல்போனை வாயில் கவ்விக்கொண்டு, கடைசி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார் சர்தார் பாய். அவருக்குப் பின்னால் சந்தில் ஏழெட்டுப் பெண்கள் வெறுங்காலோடு, பேசத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

சுதீர் போனில் அழைத்தான்.

"ஒண்ணுமில்லைங்க. நம்ம பாய்தான். போலீஸ் வேணாம். அப்புறம் பேசறேன்."

"முடிஞ்சுதும்மா" என்று ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, சர்தார் பாய் சந்து முனைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

முதலில் நின்றவளுக்கு அனுபமாவின் வயதுதான் இருக்கும். தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கக்கூஸைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு, இருட்டு வீட்டிலிருந்து கட்டையும் கையுமாக வந்து நிற்கிற அனுபமாவைப் பார்த்தாள்.

"அக்கா, இவனைக் கொஞ்சம் புடிக்கறீங்களா?"

பெயர்கூடக் கேட்காமல் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.