ஆயுதபூஜைக்கு மறுநாள்

எத்தனை முறை சுவிட்சைத் தட்டினாலும் மண்வெட்டும் இயந்திரம் முனகக்கூட இல்லை.

எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபூஜை முடித்து, காலை ஷிப்டு ஆட்கள் சுரங்கத்துக்குள் காத்து நின்றார்கள்.

ஃபிட்டர் பெரியண்ணன் மேலே ஏறி மின்பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த, இயந்திரத்தையே இயக்கும் கருவியைக் காணோம். கழற்றிய போல்ட்டுகள் மட்டும் ஒரு துணிமேல் கிடந்தன.

அந்த இயந்திரம் அயல்நாட்டு உதவி. 'நட்பின் பரிசு' என்று பித்தளைத் தகடுகூட அடித்திருந்தது. அது ஓடினால் பொங்கலுக்குள் காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது?

இயந்திரத்தோடு கூடவே வந்த அந்த நாட்டு இன்ஜினீயர் பீட்டர், எப்பேர்ப்பட்ட மனுஷன்! பெரியண்ணன் வீட்டில் சம்மணமிட்டுக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர். வாய் நிறைய 'அண்ணே' என்பார்.

போன வாரம் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். படைத்த பிறகு இயந்திரத்தை யாருமே தொடமாட்டார்களா? மறுபூஜை ஆகும்வரை சீஃப் இன்ஜினீயரே கிட்டே போகமாட்டார் என்று பெரியண்ணன் பெருமையாகச் சொன்னான்.

நேற்று சாயங்காலம் பீட்டர் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏணியில் ஏறினார். சாமி கும்பிடப் போகிறார் என்று பெரியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிம்மதியாகக் கும்பிடட்டும் என்று காவலாளியையும் சுண்டல் தின்ன அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது சூப்பர்வைசர் சக்கரபாணி மூச்சு வாங்க ஓடிவந்தார். மெட்ராஸிலிருந்து போன் வந்ததாம். உலக நாடுகளின் சபையில் நம் சர்க்கார் உதவி கொடுத்த நாட்டுக்கு எதிராகக் கை தூக்கிவிட்டதாம். உதவி நின்றுபோச்சு. அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் ராத்திரியே விமானம் ஏறிவிட்டார்கள். நம் சர்க்கார் வழிக்கு வந்தால்தான் கருவி திரும்ப வருமாம். அதுவரை காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை இல்லை.

கீழே சிலர் சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"நம்ம வூட்டுச் சோத்தத் தின்னுகினே செஞ்சிட்டானே, பாவி" என்றான் பெரியண்ணன்.

சக்கரபாணி காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இவ்வளவு கனமான சாமானை ஒற்றை ஆளாக ஜீப்பு வரைக்கும் எப்படித்தான் தூக்கிக்கொண்டு போனானோ என்று கேட்டார்.

பெரியண்ணன் கை வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தது. நேற்று சுண்டல் தின்றுவிட்டு வந்தபோது ஏணியடியில் கயிறு கட்டி இறக்கிய ஒரு மரப்பெட்டி இருந்தது. "கனம், அண்ணே. பாத்து" என்று பீட்டர்தான் அவன் தோளில் தூக்கிவிட்டார்.

நல்ல நாளும் அதுவுமாக வெறுமனே அனுப்பக் கூடாதென்று, ஜீப்பில் ஏற்றிய பிறகு பெரியண்ணன் அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் அனுப்பினான்.